ஆட்சி மாறியது, அமானிதம் திரும்பியதா?

(ஜும்ஆ உரை)

புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்களின் வழியைப் பின்பற்றி நடக்கும் நம் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! சகோதரிகளே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பின்னர் உங்களுக்கும் உபதேசம் செய்து கொள்கிறேன்.

ஒருவர் தவ்பாச் செய்ய நாடினால் அதற்குரிய நிபந்தனைகள் எவை என்பதை நம் மக்தப்களில் ஓதும் பிள்ளைகளும் அறிவார்கள். பாவத்தை உடனே விட்டுவிட வேண்டும். செய்ததை எண்ணி வருந்த வேண்டும். இனிச் செய்வதில்லை என்று உறுதி பூண வேண்டும். இம்மூன்றும் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடைப்பட்ட பாவங்களுக்கு உரியவை. அப்பாவத்தில் பிற மனிதரின் உரிமை கலந்திருக்குமானால் நான்காவதாக ஒரு நிபந்தனை உண்டு. எடுத்ததை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது அவரிடம் மன்னிப்புப் பெற வேண்டும். இந்த நான்காவது நிபந்தனை நிறைவேறாத வரை, எவ்வளவு கண்ணீர் வடித்தாலும் தவ்பா முழுமை பெறாது என்பதே நம் மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு.

ஒரு தனி மனிதனுக்கு உரிய இந்த நெறி ஒரு நாட்டுக்கும் பொருந்துமா? ஊழல் மலிந்த ஓர் ஆட்சியை மக்கள் வீழ்த்துகிறார்கள், புதிய ஆட்சி வருகிறது, சட்டங்கள் மாறுகின்றன, தேர்தல்கள் நடக்கின்றன. ஆனால் எடுக்கப்பட்டது திரும்பவில்லை என்றால் அந்த மாற்றம் எத்தகையது? இந்தக் கேள்விக்கு விடை காண நாம் வெகு தொலைவு போக வேண்டியதில்லை. உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடாகிய இந்தோனேசியாவில் 1998ஆம் ஆண்டு நடந்ததையும், அதன் பின்னர் இன்று வரை நடந்து வருவதையும் பார்த்தால் போதும்.

வளர்ச்சியும் அதன் அடியில் இருந்த பள்ளமும்

ஜெனரல் சுகார்த்தோ 1966இல் அதிகாரத்தைக் கைப்பற்றினார். 1998 மே 21 அன்று பதவி விலகும் வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் அவருடைய ஆட்சி நீடித்தது. நீதியோடு பேச வேண்டுமென நமக்குக் கட்டளையிடப்பட்டிருப்பதால் நல்லதையும் நாம் சொல்லியாக வேண்டும். 1970இல் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேர் வறுமையில் வாடினர். 1996இல் அது பதினொன்று என்ற அளவுக்குக் குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது. அரிசிக்காக வெளிநாடுகளிடம் கையேந்தி நின்ற அந்நாடு 1984இல் தன்னிறைவு கண்டது. கிழக்கு ஆசியாவின் பொருளாதார அதிசயங்களில் ஒன்றாக 1993இல் உலக வங்கி அதையும் சேர்த்துப் போற்றியது.

ஆனால் அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் அமானிதம் இல்லை. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பு 1995இல் முதன்முதலாக வெளியிட்ட ஊழல் பட்டியலில் இடம்பெற்ற 41 நாடுகளில் இந்தோனேசியாவே கடைசியில் நின்றது. ஊழல், கூட்டுச் சதி, உறவினருக்குச் சலுகை என்ற மூன்றையும் அம்மக்கள் தங்கள் மொழியில் சுருக்கி 'கே.கே.என்.' என்று ஒரே சொல்லாக வழங்கினர். தனித்தனியாகச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. அந்த அளவுக்கு அது அன்றாட வாழ்க்கையில் கலந்திருந்தது.

அது எவ்வாறு நடந்தது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். இந்தோனேசியர் புகைக்கும் 'கிரெடெக்' சிகரெட்டில் கிராம்பு சேர்க்கப்படுகிறது. அதனால் கிராம்பு விவசாயம் பல இலட்சம் குடும்பங்களின் பிழைப்பு. 1990களின் தொடக்கத்தில் கிராம்பு வாங்கி விற்கும் முழு உரிமையும் அதிபரின் இளைய மகன் டாமி சுகார்த்தோ நடத்திய ஓர் அமைப்புக்குக் கொடுக்கப்பட்டது. விவசாயி தன் விளைச்சலை அந்த அமைப்பு சொல்லும் விலைக்கு விற்க வேண்டும். ஆலைக்காரர் அது சொல்லும் கூடிய விலைக்கு வாங்க வேண்டும். கிராம்புச் செடி ஒன்றைக்கூட நடாத கை நடுவில் நின்று இரு பக்கமும் எடுத்தது. அடுத்து, 1996இல் 'தேசியக் கார்' என்ற பெயரில் ஒரு திட்டம் வந்தது. அதே மகனின் நிறுவனத்துக்கு மட்டும் இறக்குமதி வரியும் ஆடம்பர வரியும் நீக்கப்பட்டன. பெயர் தேசியக் கார். முதலில் வந்திறங்கிய கார்களோ கொரியாவிலேயே முழுமையாகச் செய்யப்பட்டவை.

சகோதரர்களே! ஆட்சியாளரின் பிள்ளை வாணிபம் செய்யக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் இதற்கு விடை இருக்கிறது. அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் சொந்தப் பணத்தில் ஒட்டகங்களை வாங்கிப் பொது மேய்ச்சல் நிலத்தில் விட்டுக் கொழுக்கச் செய்து சந்தைக்குக் கொண்டு வந்ததாக வரலாற்றில் பதிவாகியுள்ளது. அதைக் கண்ட கலீஃபா, அமீருல் முஃமினீனின் மகனுடைய ஒட்டகம் என்பதற்காக மற்றவர்கள் அவற்றுக்கு முதலில் மேய்ச்சலும் தண்ணீரும் கொடுத்திருப்பார்களே என்று சினந்தார்கள். முதலை மட்டும் எடுத்துக் கொண்டு இலாபத்தைப் பைத்துல்மாலில் சேர்த்துவிடுமாறு கட்டளையிட்டார்கள். அந்த மகன் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. தந்தையின் பதவி நிழலாய் விழுந்த இலாபமும் தன்னுடையது அன்று என்பதை உணர்த்தவே அந்தத் தீர்ப்பு!

பள்ளிவாசல் கட்டினால் பாவம் போய்விடுமா?

ஏழை மாணவருக்கு உதவித் தொகை, அநாதைகளுக்கு ஆதரவு என்ற நோக்கங்களுடன் சுகார்த்தோவின் தலைமையில் பல அறக்கட்டளைகள் இயங்கின. அவற்றுள் ஒன்றான சூப்பர்செமார் அறக்கட்டளைக்கு அரசு வங்கிகள் தங்கள் இலாபத்தில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும் என்று 1976இல் விதி செய்யப்பட்டது. மாணவருக்கென்று வந்த அந்தப் பணத்தில் பெரும்பகுதி வேண்டியவர்களின் நிறுவனங்களுக்குத் திருப்பி விடப்பட்டது எனப் பிற்காலத்தில் நீதிமன்றம் கண்டது. இன்னோர் அறக்கட்டளையின் வாயிலாக நாடெங்கும் 999 பள்ளிவாசல்கள் கட்டப்பட்டன. அவற்றில் நெற்றி பதித்து ஸஜ்தாச் செய்யும் மக்களின் நற்கூலி ஒருபோதும் குறையாது. ஆனால் பொது மக்களின் உரிமையைப் பறித்தவர் பள்ளி கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று எண்ணினால் அது வீண் எண்ணம்.

உண்மையில் திவாலானவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வினவிய செய்தி முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ளது. தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றுடன் மறுமைக்கு வரும் ஒரு மனிதர், உலகில் ஒருவரைத் திட்டியும் இன்னொருவரின் பொருளை உண்டும் மற்றொருவரை அடித்தும் இருப்பதால் தம் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்து இழந்து, அவர்களின் பாவங்களைச் சுமந்து நரகில் வீழ்வார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஒருவருடைய பொருளை உண்டவரின் நிலையே இது. அக்காலத்தில் இந்தோனேசியாவின் மக்கள் தொகை சுமார் இருபது கோடி. பொதுப் பணத்தை எடுத்தவர் மஹ்ஷர் வெளியில் இருபது கோடிப் பேரிடம் எவ்வாறு கணக்குத் தீர்ப்பார்?

சரிவும் அதன் சுமையும்

1997 ஜூலையில் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி ஆசியாவின் பல நாடுகளைத் தாக்கியது. ஆனால் இந்தோனேசியாவைப் போல் வேறெந்த நாடும் அடிபடவில்லை. ஒரு டாலருக்குச் சுமார் 2,400 ரூபியாவாக இருந்த நாணய மதிப்பு, 1998இல் ஒரு கட்டத்தில் 15,000ஐயும் தாண்டிச் சரிந்தது. அவ்வாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு சுருங்கியது. விலைவாசி நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் ஏறியது. முந்திய மாதம் குழந்தைக்குப் பால்மாவு வாங்கிய தாய், அடுத்த மாதம் விலையைக் கேட்டுவிட்டுக் கடை வாசலிலிருந்தே திரும்பினாள்.

பிற நாடுகளும் நோயுற்றன; இந்நாடு மட்டும் ஏன் படுக்கையில் வீழ்ந்தது? நம்பிக்கை இல்லாமற் போனதே பெருங் காரணம். பன்னாட்டு நிதியத்துடன் செய்த உடன்பாட்டின்படி 1997 நவம்பர் 1 அன்று பதினாறு வங்கிகள் மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று அதிபரின் மகன் பம்பாங்குக்குப் பங்குள்ள வங்கி. சட்டம் எல்லோருக்கும் சமம் போலும் என்று மக்கள் எண்ணத் தொடங்கிய சில நாட்களிலேயே அவர் வேறொரு வங்கியின் உரிமத்தைப் பெற்று அதே தொழிலைத் தொடர்ந்தார். அதைக் கண்ட மக்கள் எந்தச் சொல்லையும் நம்பவில்லை. மற்ற வங்கிகளிலிருந்தும் பணத்தை எடுக்க வரிசையில் நின்றார்கள். அமானிதம் வீணாகும்போது முதலில் சாவது நம்பிக்கை. நாணயமும் வங்கியும் அதற்குப் பின்னரே சாகின்றன.

1998 மே 4 அன்று எரிபொருள் விலை உயர்த்தப்பட்டது. பெட்ரோல் விலை மட்டும் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஏறியது. மாணவர்கள் வீதிக்கு வந்தனர். மே 12 அன்று ஜகார்த்தாவின் திரிசக்தி பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மூன்று நாட்கள் அந்த நகரம் எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொள்ளை நடந்த கடைத்தொகுதிகளுக்குள் சிக்கித் தீயில் கருகிய ஏழைகளே அவர்களில் பெரும்பாலோர்.

சகோதரர்களே! இந்த இடத்தில் ஒரு வேதனையான உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்நாட்களில் தாக்கப்பட்டவர்கள் ஆட்சியாளர்கள் அல்லர். சிறுபான்மையினரான சீன வம்சாவளி மக்கள். அவர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. பெண்களின் மானம் பறிக்கப்பட்டது. ஆட்சிக்கு நெருங்கிய சில பெருஞ்செல்வர்கள் அச்சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதற்காக, தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்தவர் பழி சுமந்தார். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று அல்லாஹ் தன் திருமறையில் (5:8) முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறான். ஊழல் செய்தவன் உயர்ந்த மதிலுக்குள் பாதுகாப்பாக இருக்க, பசித்தவனின் கோபம் எளிய அண்டை வீட்டான் மீது பாய்வது, ஊழலை விடவும் கொடிய அநீதி.

மே 21 அன்று சுகார்த்தோ விலகினார். துணை அதிபராக இருந்த ஹபீபி பொறுப்பேற்றார். மக்கள் தெருக்களில் மகிழ்ந்தனர். ஆனால் நாட்டின் மீது ஒரு பெருஞ்சுமை ஏற்றப்பட்டிருந்தது. நெருக்கடிக் காலத்தில் தனியார் வங்கிகளைக் காப்பாற்றுவதற்காக மத்திய வங்கி 144.5 இலட்சம் கோடி ரூபியாவை 48 வங்கிகளுக்கு அள்ளி வழங்கியிருந்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கும் மேல் அரசுக்கு இழப்பாகக் கூடும் என்று 2000இல் அரசுத் தணிக்கை அமைப்பு கண்டது. பணத்தை வாங்கியவர்களில் சிலர் வெளிநாடுகளில் குடியேறினர். கடனையும் வட்டியையும் சுமந்தவர்கள், வங்கியின் படியில் ஒரு நாளும் கால் வைத்திராத குடியானவர்கள். எஞ்சிய பாக்கியை வசூலிக்க 2021இல், அதாவது இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்தும், அந்நாட்டு அரசு ஒரு தனிக்குழுவை அமைக்க வேண்டியிருந்தது.

பலசாலிக்கு ஒரு நீதி, பலவீனனுக்கு ஒரு நீதி

மக்ஸூம் குலத்தைச் சேர்ந்த ஒரு பெண் திருடிவிட்டபோது, உயர்குடியில் பிறந்தவள் என்பதற்காக அவளுக்குப் பரிந்து பேச உஸாமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் கடும் சினம் கொண்டார்கள். முன்னிருந்த சமுதாயங்கள் அழிந்ததற்குக் காரணமே, உயர்ந்தவன் திருடினால் விட்டுவிட்டு எளியவன் திருடினால் தண்டித்ததுதான் என்று எச்சரித்தார்கள். தம் அருமை மகள் ஃபாத்திமாவே திருடினாலும் தண்டனை உண்டு என்று அறிவித்தார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவான இந்த ஹதீஸை மனத்தில் வைத்துக் கொண்டு பின்வருவதைக் கேளுங்கள்.

அறக்கட்டளைப் பணம் 57 கோடி டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக 2000ஆம் ஆண்டு சுகார்த்தோ மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. உடல்நலம் குன்றியவர் என்று கூறி அவ்வாண்டு செப்டம்பரிலேயே நீதிமன்றம் அதைக் கைவிட்டது. 2008 ஜனவரி 27 அன்று அவர் மரணமடைந்தார். அவருடைய குடும்பத்தின் செல்வம் எவ்வளவு என்பதற்குப் பல மதிப்பீடுகள் உண்டு; 1,500 கோடி முதல் 3,500 கோடி டாலர் வரை அபகரிக்கப்பட்டிருக்கலாம் என்று 2004இல் டிரான்ஸ்பரன்சி அமைப்பு குறிப்பிட்டது. அவர் அவற்றை எப்போதும் மறுத்தே வந்தார். அவருடைய முடிவு அல்லாஹ்விடம் இருக்கிறது; இறந்தவர் மீது தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆயினும் இவ்வுலகில் கணக்கு முடிக்கப்படவில்லை என்பது உண்மை. சூப்பர்செமார் அறக்கட்டளை ஏறத்தாழ 4.4 இலட்சம் கோடி ரூபியாவை அரசுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று 2015இல்தான் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு இறுதி வடிவம் பெற்றது. 2010இல் வழங்கிய தீர்ப்பில் தொகையைத் தட்டச்சு செய்தபோது நேர்ந்த பிழையால் அதை நிறைவேற்ற முடியாமலே ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன!

இளைய மகன் டாமிக்கு நில மோசடி வழக்கு ஒன்றில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பதினெட்டு மாதச் சிறை விதித்தது. அவர் தலைமறைவானார். அந்தத் தீர்ப்பை வழங்கிய நீதிபதி சியாஃபியுத்தீன் கர்த்தாசஸ்மிதா 2001 ஜூலையில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்கு ஏவியதாக 2002இல் டாமிக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை கிடைத்தது. 2006இலேயே அவர் விடுதலையானார். நீதி வழங்கிய ஒரு மனிதர் உயிரையே விலையாகக் கொடுத்தார். அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக!

ஒரு பெருங்கை போய்ப் பல சிறுகைகள்

புதிய காலத்தில் நன்மைகள் பல விளைந்தன. பத்திரிகைகள் சுதந்திரம் பெற்றன. 1999இல் நேர்மையான தேர்தல் நடந்தது. ஊழலற்ற ஆட்சிக்கான சட்டமும் அவ்வாண்டே இயற்றப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் ஒரு தனியார் வங்கியின் பணம் 54,600 கோடி ரூபியா, ஆளும் கட்சியின் பிரமுகர் ஒருவருடன் தொடர்புடைய நிறுவனத்துக்குப் போனது அம்பலமாகி ஹபீபியின் ஆட்சியை உலுக்கியது. அவருக்குப் பின் அதிபரான அப்துர்ரஹ்மான் வாஹித், நஹ்தத்துல் உலமா பேரியக்கத்தை வழிநடத்திய மார்க்க அறிஞர். உணவுக் கழக நிதியில் நடந்த கையாடல், புருணை சுல்தான் வழங்கிய 20 இலட்சம் டாலர் நன்கொடை ஆகியவை குறித்து அவர் மீதும் கேள்விகள் எழுந்தன. அவர் மீது குற்றம் இல்லை என்று 2001 மே மாதம் அரசுத் தலைமை வழக்கறிஞர் அறிவித்தார். எனினும் ஜூலையில் அவர் பதவி நீக்கப்பட்டார். அதிகாரத்தில் இருப்பவரின் கைக்கு வரும் அன்பளிப்பு, அவர் நல்லவராக இருந்தாலும் எத்தகைய சோதனை என்பதற்கு இது சான்று.

2001 ஜனவரி முதல் மாவட்டங்களுக்கு அதிகாரமும் நிதியும் பகிர்ந்தளிக்கப்பட்டன. நல்ல நோக்கம்தான். ஆனால் தலைநகரில் ஒரு வாசலில் கொடுக்கப்பட்ட இலஞ்சம், இப்போது ஊருக்கு ஊர் பல வாசல்களில் கேட்கப்பட்டது. 2003 இறுதியில் செயல்படத் தொடங்கிய ஊழல் ஒழிப்பு ஆணையம் நூற்றுக்கும் அதிகமான ஆளுநர்களையும் மாவட்டத் தலைவர்களையும் கூண்டில் நிறுத்தியது. அரசியல் சாசன நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியே 2013இல் கைதாகி, அடுத்த ஆண்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

இன்னும் கேளுங்கள், உள்ளம் நடுங்கும். ஹஜ்ஜுக்கான நிதியில் முறைகேடு செய்ததற்காக மத விவகார அமைச்சராக இருந்த இருவர், ஒருவர் 2006இலும் மற்றவர் 2016இலும், சிறைத் தண்டனை பெற்றனர். திருக்குர்ஆன் பிரதிகள் அச்சிடும் ஒப்பந்தத்தில் கையூட்டுப் பெற்றதற்காக ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு 2013இல் பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குர்ஆன் அச்சிடும் பணம்! தாடியும் தொப்பியும் மனிதனை அமானிதக்காரனாக ஆக்கிவிடுவதில்லை. இறையச்சம் உள்ளத்தில் இல்லையென்றால் குர்ஆனை ஏந்திய கையே இலஞ்சத்துக்கும் நீளும்.

பிறகு 2019இல் அந்த ஆணையத்தின் அதிகாரமும் சட்டத் திருத்தத்தால் குறைக்கப்பட்டது. 1998இல் பிறந்திராத மாணவர்கள்கூட அதை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். தந்தையர் தொடங்கிய போராட்டத்தைப் பிள்ளைகள் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. ஏன்? பாவத்தை விட்டதாகச் சொன்னார்கள், வருந்தியதாகச் சொன்னார்கள், சட்டம் இயற்றி உறுதியும் பூண்டார்கள். நான்காவது நிபந்தனை மட்டும் நிறைவேறவில்லை.

வீட்டிலிருந்து தொடங்கியவர்கள்

ஹிஜ்ரீ 99இல் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் கலீஃபாவானார்கள். அவர்களுக்கு முன்னிருந்த ஆட்சியாளர்கள் தங்கள் உறவினர்களுக்கு நிலங்களை வாரி வழங்கியிருந்தனர். ஆட்சி மாற்றத்தை அவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் தெரியுமா? தம்மிடமிருந்தே. தமக்கு வந்த நிலங்களையும் சொத்துகளையும் முதலில் திருப்பிக் கொடுத்தார்கள். பின்னர் தம் துணைவியார் ஃபாத்திமா அவர்களிடம், அவர்களின் தந்தை கலீஃபா அப்துல் மலிக் அளித்த நகையைப் பைத்துல்மாலில் சேர்க்க வேண்டும், அல்லது தம்மைப் பிரிய வேண்டும் என்றார்கள். அந்த அம்மையார் கணவரையே தேர்ந்தெடுத்து நகையைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டரை ஆண்டுகளில் கலீஃபா மறைந்தார்கள். அடுத்து ஆட்சிக்கு வந்த சகோதரர் அந்த நகையைத் திருப்பித் தர முன்வந்தபோது, கணவர் வாழ்ந்தபோது அவருக்குக் கட்டுப்பட்டு, அவர் மறைந்த பின் மாறு செய்யமாட்டேன் என்று அம்மையார் மறுத்துவிட்டார்கள். அந்த இரண்டரை ஆண்டுகள் பதின்மூன்று நூற்றாண்டுகளாகப் பேசப்படுகின்றன.

அது பொற்காலம், இக்காலத்தில் நடக்குமா என்று நினைக்க வேண்டாம். அதே இந்தோனேசியாவில் நடந்திருக்கிறது. விடுதலை பெற்ற புதிதில், 1950 மார்ச்சில், ரூபாய்த் தாள்களை இரண்டாக வெட்டி ஒரு பாதிக்கு மட்டும் பண மதிப்பு என்று அரசு திடீரென அறிவித்தது. அப்போது பிரதமராக இருந்தவர் முஹம்மது ஹத்தா. அவருடைய துணைவியார் தையல் இயந்திரம் வாங்குவதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் அதில் குறைந்து போயிற்று. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் கேட்டபோது, அரசின் இரகசியம் வீட்டுக்கு உரியதன்று என்று ஹத்தா கூறியதாக இன்றும் அங்கு நினைவுகூர்கிறார்கள்.

காவல்துறைத் தலைவராக 1968 முதல் 1971 வரை இருந்த ஹூகெங் என்பவரையும் அம்மக்கள் மறக்கவில்லை. முன்னர் அவர் குடியேற்றத்துறையின் தலைவராக நியமிக்கப்பட்டபோது, தம் மனைவி நடத்தி வந்த பூக்கடையை மூடிவிடச் சொன்னார். பூ விற்பது ஹராமா? இல்லை. ஆனால் குடியேற்ற அலுவலகத்தில் காரியம் ஆக வேண்டியவர்கள் எல்லாம் அந்தக் கடையிலேயே பூ வாங்குவார்களே! இதைத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். ஜகாத் வசூலிக்கச் சென்ற ஓர் அதிகாரி திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, நபியவர்கள் மிம்பரில் ஏறினார்கள். தன் தாய் தந்தையின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள் (புகாரீ). பதவியில் உள்ள ஒவ்வொருவரும் தம் வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளையும் இந்த ஒரு கேள்வியால் அளந்து பார்க்கட்டும்.

நம் கையில் உள்ள வார்

என் அருமைச் சகோதரர்களே! சகோதரிகளே! அதிபர்களையும் அமைச்சர்களையும் பற்றிக் கேட்டுத் தலையசைத்துவிட்டு எழுந்து போவது எளிது. ஒரு சமுதாயம் தம்மிடம் உள்ளதைத் தாமே மாற்றிக் கொள்ளாத வரை அல்லாஹ் அவர்களின் நிலையை மாற்றுவதில்லை என்று திருமறை (13:11) சொல்கிறது. கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் அம்பு பாய்ந்து இறந்த ஒருவரை மக்கள் வாழ்த்தியபோது, பங்கிடப்படும் முன்னர் அவர் எடுத்த ஒரு போர்வை அவர் மீது நெருப்பாய் எரிகிறது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அதைக் கேட்ட ஒருவர், தாம் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டு வந்து ஒப்படைத்தார் (புகாரீ). நாட்டின் கருவூலம் நம் கையில் இல்லை; ஆனால் அந்த வார் நம் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

தேர்தல் நேரத்தில் வாக்குக்கு நீட்டப்படும் பணம் இலஞ்சமே. அதை வாங்கியவர், பின்னர் அந்த வேட்பாளர் கொள்ளையடிக்கும்போது கேள்வி கேட்கும் தகுதியை இழக்கிறார். தகுதியில்லாத மகனுக்கு இடம் பிடிக்கவோ, பிறர் முறையைத் தட்டிப் பறிக்கவோ கொடுக்கும் பணமும் அப்படியே. கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்று திர்மிதீ, அபூதாவூத் நூல்கள் அறிவிக்கின்றன. பள்ளிவாசல் நிர்வாகிகளே! வக்ஃபுச் சொத்தைக் குறைந்த வாடகைக்கு உறவினரிடம் கொடுத்திருந்தால், அதுவும் சிறிய அளவிலான கே.கே.என். தான். ஆண்டுக் கணக்கை ஜமாஅத்தார் முன் வாசித்துக் காட்டுங்கள். தாய்மார்களே! கணவரின் வருமானத்திற்கு மீறிய பொருள் வீட்டுக்குள் வந்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நகையைத் திருப்பிக் கொடுத்த அந்த அம்மையாரும் ஒரு மனைவிதான்.

இன்று நீங்கள் வீடு திரும்பியதும் ஒன்றைச் செய்யுங்கள். உங்களிடம் இருக்கும் பிறருடைய பொருள், சகோதரிக்குச் சேர வேண்டிய பாகம், தொழிலாளிக்குத் தர வேண்டிய பாக்கி, பொதுப் பணத்தில் விடுபட்ட கணக்கு இவற்றை எண்ணிப் பாருங்கள். உரியவர் உயிரோடு இருக்கும்போதே, நாமும் உயிரோடு இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கக் கற்ற குடும்பங்கள் பெருகும் நாட்டில்தான் ஆட்சி மாற்றம் உண்மையான மாற்றமாக அமையும்.

யா அல்லாஹ்! எங்கள் உணவை ஹலாலானதாக ஆக்குவாயாக! எங்கள் கைகளைப் பிறர் உரிமையிலிருந்து காப்பாயாக! அமானிதம் பேணும் ஆட்சியாளர்களை எல்லா நாட்டு மக்களுக்கும் அருள்வாயாக! நீதிக்காக உயிர் நீத்தவர்களின் பதவியை உயர்த்துவாயாக! யாருக்கும் தர வேண்டிய பாக்கி இல்லாதவர்களாக உன்னை நாங்கள் சந்திக்க அருள் புரிவாயாக! ஆமீன். எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனுக்கே.